களத்தில் சொல்லக்கூடாத சொல்

யூஜினியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் லேசில் பயப்படுகிற மனுசி இல்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றும்போது அடுப்பில் இருந்த கறியை இறக்கி மூடிவைத்துவிட்டுத்தான் பதுங்குகுழிக்குள் இறங்கியவள். கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்திலேயே ஸ்காபரோவில் பஸ் மாறி மாறி ஏறி, ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலையும் எடுத்து, அங்கே சும்மா சும்மா சத்தம் போட்ட சூப்பவைசரை அரைகுறை இங்கிலீசில் வாயடைக்கச் செய்தவள். அப்படிப்பட்டவள் கிளடிஸின் கொட்டிலில் நின்ற அந்த மெசினைக் கண்டதும் இரண்டடி பின்னால் வைத்தாள்.

கிளடிஸ் ஒரு வெள்ளைக்கார மனுசி. நகர விளிம்பில், ரூஜ் ஆற்றுப் பக்கம் புதுவீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அதைத் தாண்டி வடக்கே போனால் இன்னமும் வயல்கள் இருந்தன. அங்கே புருசனை இழந்து, ஒரு பழைய வீட்டில் தனியே இருந்தாள். வயல் விதைக்காமல் கிடந்தால் வரி ஏறுமாம். ஆராவது விதைத்தால் சரி என்று ஒரு துண்டு நிலத்தையும், கொட்டிலில் கிடந்த பழைய மெசின்களையும் யூஜினியின் புருசன் மாக்கஸின் கையில் கொடுத்துவிட்டாள். விதைக்கிற மெசின் ஒன்று, கதிரை வெட்டிக் கயிற்றால் கட்டிப் போடுகிற பைண்டர் ஒன்று, கப்பி பூட்டிய கிழட்டு டிராக்டர் ஒன்று. எல்லாம் கிளடிஸின் மாமனார் காலத்துச் சாமான்கள். அவற்றின் கடைசியில் நின்றதுதான், கதிரில் இருந்து மணியைப் பிரித்துச் சூடடிக்கிற மெசின்.

தகரத்தாலான பெரிய உடம்பு. முன்னால் கதிர்க்கட்டுகளை உள்ளே இழுத்துப்போகிற சங்கிலித் தட்டு. தட்டின் வாயில் கட்டுக் கயிற்றை வெட்டுகிற வளைந்த கத்திகள். உள்ளே பல்லு வைத்த உருளை. பின்னால் வைக்கோலைத் துப்புகிற நீளக் குழாய். அதற்கென்று எஞ்சின் கிடையாது. தள்ளி நிற்கிற டிராக்டரில் இருந்து நீண்ட பெல்ற் ஒன்றைக் குறுக்கே முறுக்கி மாட்டினால்தான் ஓடும்.

"என் புருசனின் தம்பியுடைய கையை எடுத்தது இதுதான்," என்றாள் கிளடிஸ். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே அதைச் சொன்னாள். "அந்த வருட அறுவடையையும் இதிலேதான் முடித்தோம்."

யூஜினி மாக்கஸின் கையைச் சுரண்டினாள். "வேறை மெசின் கிடைக்காதோ?"

"சும்மா தாற மனுசியிட்டைப் புதுசு கேக்கச் சொல்லுறியோ? உனக்கென்ன விசரே?" என்றார் மாக்கஸ்.

அட, கோதுமை விதைக்கிற ஆளா அவர்? மன்னாரில் நெல் விதைத்தவர். ரொறன்ரோவில் பாண்ரொட்டி சுடுகிற ஒரு பெரிய ஃபக்ரறியில் அடுப்புக்கு முன்னால் நின்று வேகிறவர். ஆனால் அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அவர்களின் ஒரே மகன் பிரியந்தன் இன்னும் வந்து சேரவில்லை. மாக்கஸ் முதலில் வந்து, பிறகு யூஜினியை ஸ்பொன்சர் பண்ணியபோது, வயது கடந்துவிட்டது என்று குடிவரவுக்காரர் மகனை மட்டும் வெட்டிவிட்டார்கள். பெரியம்மா பேர்ணடெற்றின் வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. இப்போது, ஆக்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் மூலம் ஆபிரிக்காப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்வரை வந்து நிற்கிறான். அங்கிருந்து கப்பல். கப்பலில் இருந்து எங்கேயோ, எங்கேயோ இருந்து கனடா.

செவ்வாய்க்கிழமைப் பூசை முடிய அந்தோனியார் பேரில் சனத்துக்குப் பாண் கொடுப்பது அவர்களுடைய ஆக்களின் வழக்கம். எல்லாரும் கடையில் வாங்கித்தான் கொடுப்பார்கள். மாக்கஸ் கேட்கவில்லை.

"வாங்கின பாணை ஆரும் குடுக்கலாம். நான் விதைச்சு, வெட்டி, சூடடிச்சு, அரைச்சுச் சுட்டுக் குடுப்பன். என்ரை பொடியன் இஞ்சை வந்து இறங்கவேணும்."

"வந்தாப்பிறகு குடுக்கிறதுதானே நேர்த்தி?"

"வந்தாப்பிறகு குடுக்கிறதிலை என்ன கிடக்கு? முதல் குடுக்கவேணும். அப்பத்தான் அவருக்கு மறுக்க ஏலாது."

புனிதரோடேயே பேரம் பேசுகிற மனுசன்! மகன் வருவதென்றால் யூஜினி அந்தத் தகரப் பிசாசுக்கும் மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள்.

ஏப்ரல் கடைசியில் நிலம் இளகியதும் விதைத்தார்கள். பாணுக்கென்றால் வசந்தத்தில் விதைக்கிற வன்கோதுமைதான் வேண்டும், மற்றது கேக்குக்குத்தான் உதவும் என்று கிளடிஸ் சொல்லி, விதையும் எடுத்துத் தந்தாள். முளை வெளியே தலை நீட்டிய கிழமையில் பிரியந்தனின் ரெலிபோன் கோல் வந்தது.

"அம்மா, கடல் பக்கத்திலைதான் நிக்கிறம். கப்பல் வந்தால் ஏத்துவினமாம்."

"சாப்பிட்டியோ அப்பு?"

"பாண்தான் அம்மா. ஒவ்வொரு நாளும் பாண். நாக்குச் செத்துப்போச்சு."

"இஞ்சை வா ராசா. சோறும் மீன்குழம்பும் ஆக்கித் தாறன்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கார்ட் முடிந்து லைன் அறுந்தது. கையில் ரிசீவரோடு யூஜினியும் தன்பாட்டில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு கோல் இல்லை. ஏஜென்சிக்காரன் இரத்தினவேல் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் பிளேன் ரிக்கற் கடை வைத்திருந்தான். ஜூன் முழுக்க யூஜினி வேலை முடிந்து வரும் வழியில் அவனுடைய கடைக்குள் தலையை நீட்டுவாள். "பொடியன் சேஃப் அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ," என்பான். பிறகு, "சேஃப் அக்கா," என்றான். பிறகு தலையை மட்டும் ஆட்டினான்.

ஜூலையில் ஒரு பின்னேரம் மாக்கஸ் அந்தக் கடையில் இருந்து வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே வந்து கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் கதைச்சனான். இனி நீ அங்கை போகாதை. சும்மா சும்மா கரைச்சல் குடுத்தால் அவங்கள் கோவிப்பாங்கள்."

"என்னவாம்?"

"வருமாம். நேரமெடுக்குமாம்."

யூஜினி நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? அந்த இரண்டறை அப்பார்ட்மெண்டில் ஓர் அறையை மகனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். கட்டிலில் புதுப் போர்வை. அலுமாரிக்குள் மலிவு விற்பனையில் வாங்கிய பனிக்கால ஜக்கெற். தோள் அகலம் தெரியாமல் தன் கையை விரித்துக் காட்டி, கடைக்காரப் பிள்ளையிடம் உத்தேசமாக எடுத்தது. ஒவ்வொரு சனியும் அந்த அறையின் தூசியைத் தட்டி, ஏதாவது கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு யன்னலைத் துடைப்பாள். மாக்கஸ் வாசலில் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். ஆம்பிளைகள் கவலையை வேலையில் போட்டு மிதிப்பார்கள், அதுதான் இது என்று அவள் நினைத்தாள்.

கோதுமை என்னவோ கண்பட்டுப்போகிற மாதிரி வளர்ந்தது. ஓகஸ்ட் தொடக்கத்தில் பொன்னாகிச் சாய்ந்தபோது பைண்டரால் வெட்டினார்கள். கட்டுகளைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்திக் காயவிட்டார்கள். வானம் ஒவ்வொரு பின்னேரமும் கறுத்தது. பெய்யாமல் கறுத்துக்கொண்டே நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து யூஜினி சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னதுதான் என்று இல்லாமல் எதைப் பார்த்தாலும் அவள் அப்படித்தான் செய்தாள் அந்த நாட்களில்.

சூடடிக்க முதல்நாள் மாக்கஸ் கொட்டிலுக்குப் பக்கத்தில் களம் ஒழுங்குபண்ணினார். கிளடிஸுக்கு அது வெறும் முற்றம், அவருக்குக் களம். புல்லைச் செதுக்கி, சுற்றிவரச் சாம்பலால் வளையம் போட்டு, நடுவில் குருத்தோலைச் சிலுவை ஒன்றை நட்டார். மன்னாரில் என்ன முறையோ அதேதான். வளையத்துக்குள் செருப்போடு மிதிக்கக் கூடாது. பெண்கள் வரக் கூடாது. போதும் என்று அர்த்தப்படுகிற 'காணும்', பிறகு 'முடிஞ்சுது', 'இல்லை', 'நிப்பாட்டு' என்ற சொற்களை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் விளைச்சல் அத்தோடு நின்றுவிடும். எதை வேண்டிக்கொண்டு சூடடிக்கிறார்களோ அதுவும் நின்றுவிடும். வேதக்காரராயிருந்தால் என்ன, சைவக்காரராயிருந்தால் என்ன, நெல்லடித்த எவரும் இதில் விளையாட மாட்டார்கள்.

கிளடிஸுக்கும் ஒரு சட்டம் இருந்தது. டிராக்டரில் நிற்கிறவர் வேறெங்கும் பார்க்கக் கூடாது. மெசினடியில் இருந்து சத்தம் கேட்டால் உடனே கிளச்சை இழுக்க வேண்டும். "கையைக் காட்டினால் தூசியில் தெரியாது. வாயால் கத்த வேண்டும். என் மைத்துனன் கத்தினான். கொஞ்சம் பிந்திக் கத்தினான்."

டிராக்டர் வளையத்துக்கு வெளியே, பெல்ற்றின் மறு அந்தத்தில் நின்றது. அதனால் அந்த வேலை யூஜினிக்கு வந்தது.

"அப்ப என்ன சொல்லிக் கத்துவியள்?" என்று அவள் கேட்டாள். "நிப்பாட்டு எண்டும் சொல்லக்கூடாது, காணும் எண்டும் சொல்லக்கூடாது. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கத்தவேண்டி வராது."

"வந்தால்?"

"வராது எண்டுறன். விடன்."

அதற்கு மேல் கேட்டால் சண்டையாகும். சூடடிக்கிற நேரத்தில் சண்டை கூடாது. அவள் டிராக்டரில் ஏறிக் கிளச்சை இழுத்து விட்டுப் பழகிப் பார்த்தாள்.

சனிக்கிழமை விடிய வெயில் எறித்தது. கோயில் ஆளான அன்புராசா உதவிக்கு வந்திருந்தான். நீளப்பிடி வைக்கோல் முள்ளால் கட்டுகளைக் குத்தித் தட்டில் எறிவது அவன் வேலை. மெசினுக்குப் பக்கத்தில் நின்று அவற்றை ஒழுங்காகத் தள்ளுவது மாக்கஸின் வேலை. கிளடிஸ் தூரத்தில் கதிரை போட்டு இருந்தாள். மாக்கஸ் சப்பாத்தைக் கழற்றுவதைக் கண்டதும் எழும்பிவிட்டாள்.

"மார்க்! பூட்ஸைப் போடு! உனக்குப் பைத்தியமா?"

மாக்கஸ் அவளைப் பார்த்துச் சிரித்து, வெறுங்காலோடு வளையத்துக்குள் போனார். கழுத்தில் வேர்வை துடைக்கிற துவாய் வேறு. யூஜினி அதைக் கண்டாள். கழற்றுங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கையசைக்க, கிளச்சை விட்டாள்.

கடவுளே, அந்தச் சத்தம்! பெல்ற் ஒருதரம் உதறி இறுகியது. தகர உடம்பு முழுக்க நடுங்கி, பிறகு ஒரே ஓலமாக எழுந்தது. தட்டு கட்டுகளை இழுக்க, கத்திகள் கயிற்றை வெட்ட, பின்னால் வைக்கோல் பறந்தது. பக்கக் குழாயால் கோதுமை சாக்குக்குள் கொட்டத் தொடங்கியபோது அன்புராசா குழந்தைப்பிள்ளை மாதிரிக் கூவினான். "பொலி! பொலி!" மாக்கஸ் கூவவில்லை. தூசிக்குள் அவருடைய முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. யூஜினி கண்ணை எடுக்கவில்லை. என்ரை பிள்ளை வரவேணும், என்ரை பிள்ளை வரவேணும் என்று ஒவ்வொரு கட்டுக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெயில் உச்சிக்கு வரும்போது ஒரு கட்டு குறுக்கே இறுகித் தட்டு அடைபட்டது. மாக்கஸ் கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு தட்டின் விளிம்பில் ஏறி நின்று, வெறுங்காலால் கட்டை உதைத்தார். கட்டு போனது. அவருடைய காலும் அதனோடு சறுக்கியது. குப்புற விழுந்தார். கழுத்துத் துவாயின் ஒரு தலைப்பைச் சங்கிலி பிடித்துக்கொண்டது. தட்டு அவரைத் தலை முன்னே போகக் கத்திகளின் பக்கம் மெல்ல இழுத்தது.

அவர் கத்தவில்லை.

யூஜினி எதிர்பார்த்து நின்ற சத்தம் வரவில்லை. தூசி விலகிய கணத்தில் அவருடைய முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. ஐயோ, சொல்லக்கூடாதென்று பேசாமல் கிடக்கிறார், மகன் வரவேணும் என்று கழுத்தைக் கொடுக்கிறார் இந்த மனுசன்!

"காணும்!" என்று அவள் வீரிட்டாள். "காணும்! நிப்பாட்டுங்கோ! காணும்!"

கிளச்சை இழுத்துவிட்டுத்தான் கத்தினாளா, கத்திவிட்டுத்தான் இழுத்தாளா என்று அவளுக்குப் பிறகும் தெரியவில்லை. பெல்ற் தளர்ந்து நிலத்தில் அடித்தது. ஆனால் மெசின் உடனே நிற்கவில்லை. அந்தப் பாரம் தன்பாட்டில் சுழன்றது. அன்புராசா முள்ளை எறிந்துவிட்டுப் பாய்ந்து மாக்கஸின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். துவாய் கிழிந்தது. கிழிந்த பாதி உள்ளே போய்த் துண்டு துண்டாகப் பின்குழாயால் வைக்கோலோடு வந்து விழுந்தது. யூஜினி வளையத்தை மிதித்துக்கொண்டு, சப்பாத்துக் காலோடு ஓடி வந்தாள்.

மாக்கஸின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி. அவ்வளவுதான். நிலத்தில் இருந்தபடி அவளை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சொன்னனி?" என்று கேட்டார். கோபமில்லாத குரல். அதுதான் அவளைக் கொன்றது.

மிச்சக் கட்டுகளை அன்புராசாவும் கிளடிஸும் பூட்ஸ் போட்டுக்கொண்டு அடித்து முடித்தார்கள். மாக்கஸ் கொட்டில் நிழலில் இருந்தார்.

அன்றிலிருந்து யூஜினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிவிட்டாளே! பெண், சப்பாத்து, சொல் — ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் மிதித்துவிட்டாளே! தாய் வாயாலேயே காணும் என்று சொன்னபிறகு எந்தப் புனிதர் பிள்ளையைக் கொண்டுவந்து தருவார்? வேலையிடத்தில் கரட் வெட்டிக்கொண்டு நின்று அழுதாள். மாக்கஸ் ஒரு வார்த்தை ஏசியிருந்தாலும் ஆறியிருக்கும். அவர் ஏசவில்லை. கோதுமையை அரைப்பித்து, ஃபக்ரறிக் கூட்டாளியின் சின்ன பேக்கரியில் தன் கையால் குழைத்துச் சுட்டார். பாரமான, மண்நிறப் பாண்.

செவ்வாய்க்கிழமை பூசை முடியக் கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். என்ன வேண்டுதலுக்கு என்று சுவாமியார் கேட்டார்.

"மகன் வந்து சேர, ஃபாதர்," என்றாள் யூஜினி.

மாக்கஸ் பாண் பெட்டியை அன்புராசாவிடம் கொடுத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்ததும், போகாதே என்ற மாக்கஸின் சொல்லையும் மீறி இரத்தினவேலின் கடைக்குப் போனாள். அவன் அவளைக் கண்டதும் எழும்பி நின்றான். அதுவரை அவன் அவளுக்கு எழும்பி நின்றதில்லை.

"தம்பி, என்ரை பிள்ளை எங்கை நிக்குது? உண்மையைச் சொல்லும்."

"அக்கா... அண்ணை உங்களுக்குச் சொல்லேல்லையே?"

கடையில் ஆரோ ரிக்கற்றுக்கு நின்றார்கள். அவன் அவர்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினான். பிறகு சொன்னான். ஜூலை பிறந்த கையோடு கப்பலுக்கு ஆக்களை ஏற்றிப்போன வள்ளம் கடலில் கவிழ்ந்தது. கொஞ்சப் பேரைத்தான் எடுத்தார்கள். எடுத்தவர்களுக்குள் பிரியந்தன் இல்லை.

"அண்ணைக்கு அப்பவே சொன்னனான் அக்கா. அந்த அந்தோனியார் அறிய. தானே உங்களுக்குச் சொல்லுறன், நீ வாய் திறக்காதை எண்டவர்."

யூஜினி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். நாக்குச் செத்துப்போச்சு என்று சொல்லிச் சிரித்த பிள்ளை. பஸ்ஸிலும் ஏறாமல் அந்த ரோட்டால் நடந்தாள். அப்போதுதான், ஒரு சந்தியில் சிக்னலுக்கு நிற்கும்போது, அவளுக்கு மற்றது விளங்கியது. மாக்கஸுக்கு ஜூலையிலேயே தெரியும். சூடடித்தது ஓகஸ்டில். சொல்லைக் காத்து வரவேற்க அவருக்கு மகன் இருக்கவில்லை. அப்படியென்றால் அந்தத் தட்டில் கிடந்து எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்? கத்தவேண்டி வராது என்று எதை வைத்துச் சொன்னார்? பச்சை விழுந்தும் அவள் கடக்கவில்லை. பிறகு ஓடினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது மாக்கஸ் சோபாவில் இருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"எனக்கேன் சொல்லேல்லை?" அவள் அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "நான் சொன்ன சொல்லாலைதான் பிள்ளை வரேல்லை எண்டு நான் செத்துக்கொண்டு திரியுறன்! ஏன் சொல்லேல்லை?"

அவர் அடியை வாங்கிக்கொண்டு இருந்தார். "நீ பாட்டுப் பாடிக்கொண்டு அந்த அறையைத் துடைச்சனி. எப்பிடிச் சொல்லுவன்?"

"அண்டைக்குக் கத்தேல்லை நீங்கள்."

அவர் முகத்தைத் திருப்பினார்.

"கால் சறுக்கினதுதானோ? இல்லாட்டி நீங்களாப் போய் விழுந்தனீங்களோ? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"சறுக்கினதுதான், யூஜினி. சத்தியமாச் சறுக்கினதுதான்." கழுத்தைத் தடவினார். அந்த வரி இன்னும் ஆறவில்லை. "பிறகு... கத்தவேணும் எண்டு தோன்றேல்லை."

வெளியில் பொழுது சாய்ந்துகொண்டு வந்தது. மாக்கஸ் எழும்பினார். "உள்ளுக்கை மூச்சு முட்டுது. கொஞ்சம் காத்து வாங்கிக்கொண்டு வாறன்," என்று பல்கனிக் கதவைத் தள்ளித் திறந்தார். அவர்களுடையது மேல்மாடி. கீழே கார்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன.

யூஜினியும் எழும்பிப் பின்னால் போனாள். அவருடைய சேட்டின் பின்பக்கத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லி, வாய்விட்டு, ஊர் கேட்கக் குளறவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அவள் அழவில்லை. அழுதால் கண் மறைக்கும்.